திட்டு

கண்மாய் நடுவுல பதினோரு கருவேல மரம்,
ஒரு கீத்துக் கொட்டகை, நாலு கம்பு நட்ட பரண்,
அடிக்கிறதுக்கு ஒரு தகர டின்.
சேவுகன் குத்தகைக்கு எடுத்து விட்ட கட்லாவுக்கு
நான் காவல்.
மாசம் நாலாயிரம். வெத்தலை தனி.

பரிச்சை முடிஞ்ச அன்னிக்கே பேத்தி வந்தா.
லாரி டியூப்பு ரெண்டைச் சேத்துக் கட்டி
மேல பலகை, பலகை மேல அவ,
தலையில புத்தகப் பை, கையில செருப்பு.
அழுகல.
எம்மகன் வீட்டுச் சண்டையில
உடையாம நான் எடுத்தாந்த சாமான் அது ஒண்ணுதான்.

"இதுக்கு ஏன் அப்பத்தா திட்டுன்னு பேரு?
யாரு யாரைத் திட்டுறா?"
நான் என்னத்தச் சொல்ல.
மறுநாளே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

காலையில மேலக்கரை, எம்மகன்.
மடை மேல ஏறி நின்னு
"புள்ளையைக் கொண்டாந்து விடு கெழவி"ங்கிறான்.
சாயங்காலம் கீழக்கரை, மருமக.
அவ கத்தமாட்டா. போன் பண்ணுவா.
சார்ஜ் இல்லைன்னு சொல்லணும்னா எடுக்கணும்.
எடுத்தா இருக்குன்னு தெரிஞ்சுபோகும்.
அடிக்கவிட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்,
நானும் பிரகதியும், ஏதோ படம் பாக்குற மாதிரி.

டியூப்பு எங்க பக்கம் கெடந்துச்சு.
களவா வலை போடுறவனுக்குப் பயந்து
தண்ணிக்குள்ள முள்ளு வெட்டிப் போட்டிருக்கான் சேவுகன்.
நீச்சல் தெரிஞ்சவனும் எறங்கமாட்டான்.

பகல்ல நீர்க்காகம். அவ டின் அடிப்பா.
ராத்திரி டார்ச். அவ அடிச்சா
கரையில போற பஸ்ஸையும் நிறுத்திப்புடுவா.
கஞ்சி வேணாம், நூடுல்ஸ் வேணும்.
தாயத்துல நான் களவாண்டா கண்டுபிடிப்பா,
அவ களவாண்டா
எனக்குக் கண்ணு மங்கல்னு சொல்லிக்கிருவேன்.

ஒருநா ராத்திரி வாய் சும்மா இருக்கல,
"உனக்கு யாருத்தா வேணும்?"னு கேட்டுப்புட்டேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
"நீர்க்காகத்துக்குக் கண்ணு பச்சையா இருக்கு அப்பத்தா.
பாத்திருக்கியா?"
இல்லைன்னேன்.
எட்டு வருசமா வெரட்டுறேன், பாத்ததில்லை.

தினம் விடிய தண்ணி ஓரத்துல
ஒரு விளாறு நட்டு வப்பா.
மறுநா பாத்தா விளாறு காஞ்ச தரையில நிக்கும்.
"நம்ம ஊரு பெருசாகுது!"
குதிக்கிறா.
எனக்கு வயித்தைக் கலக்குது.

மதுரையில அழகருக்காக
வைகையில தண்ணி தொறந்துவிட்டாக.
இங்க யாரு எறங்கப்போறா, எதுக்குத் தொறப்பாக.
என்ன பட்டு கட்டி எறங்குறாருன்னு போனுல பாத்தோம்,
அவரு கரைக்கு வாரதுக்குள்ள
நெசமாவே சார்ஜ் தீந்துபோச்சு.

கத்திரி வெயில் பாதியில
கீழக்கரைப் பக்கம் மொதல்ல ஒட்டுச்சு.
வந்தது மருமக இல்ல, ஒரு செவலை நாயி.
சேத்துல நாலு காலும் பதிய நடந்து வந்து
கொட்டகையை மோந்துபாத்துட்டு
வந்த தடத்துலயே திரும்பிப் போச்சு.
பிரகதி அந்தத் தடத்தை
கம்பால கிளறி அழிச்சா, ஒண்ணு விடாம.

சேவுகன் வலை போட்டு அள்ளுனது போக
மிச்சம் ஊருக்கு.
வெள்ளைத் துண்டு வீசுனதும்
எட்டூருச் சனம் எறங்குது, கச்சாவும் பரியுமா.
மேலக்கரையில இருந்து ஊத்தாவோட அவன்.
கீழக்கரையில இருந்து சேலையைச் சொருகிக்கிட்டு அவ.
முழங்கால் சேறு. ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு வாராக,
மீனுக்கா, வேற எதுக்கான்னு
இந்தக் கண்ணுக்குத் தெரியல.

இவ டின்னைத் தூக்கிக்கிட்டுப் பரண்ல ஏறிட்டா.
அடிக்கிறா.
ஊ ஊன்னு கத்திக்கிட்டு, கை செவக்க அடிக்கிறா.
ஊரே சிரிக்குது,
"ஏ காவக்காரி பேத்தி, இனி மீனு எங்களுதுடி!"
அவன் நிமிந்துட்டான். அவளும் நிமிந்துட்டா.
அப்பத்தான் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாகளோ என்னமோ.

நிறுத்தச் சொல்லுன்னு
சேவுகன் எனக்குக் கையைக் காட்டுறான்.
வைகாசிச் சம்பளம் இன்னும் தரல அவன்.
இடுப்புல சொருகுன சுண்ணாம்பு டப்பாவைத்
தேடிக்கிட்டே இருந்தேன்.